ரைட்டும் ஆமெனும்

வேண்டாம். இதோ, உள்ளுக்குள் எவ்வளவு சுத்தமாக வருகிறது. வே, ண், டா, ம். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு மாதிரி தூரத்திலிருந்தே படித்துவிடுகிறேன், கையைக் காட்டுகிறேன், அது நிற்காமல் போய்விடுகிறது. வாயைத் திறந்தால் "ரைட்" என்றுதான் வருகிறது. இப்போதும் அதுதான் வந்தது. காலடியில் படுத்திருந்த சில்லறை காதை நிமிர்த்தி என்னைப் பார்த்தது, வாலால் தரையைத் தட்டியது, மறுபடியும் என் வலது பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அதற்கென்ன, நான் எதைச் சொன்னாலும் அதற்குச் சம்மதம். நாய்க்குச் சில்லறை என்று பேர் வைத்தவன் நான்தான், அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம், இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. முருங்கை நிழல் கேட் வரைக்கும் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் குட்டியானை வந்துவிடும் என்று என் மகன் அருள்தாஸ் போனில் பேசியது காதில் விழுந்தது. அதுதான், முன்னால் ஆட்டோ மாதிரி மூஞ்சியும் பின்னால் திறந்த தொட்டியுமாக ஓடுமே, அந்த லோடு வண்டி. அதில் சில்லறையை ஏற்றி நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு அனுப்பப் போகிறார்கள். தோப்புக்குக் காவலுக்கு நாய் வேண்டுமாம். அதற்குள் எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். வேண்டாம் என்கிற வார்த்தை வேண்டும். ஊரில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் சோற்றுத் தட்டைத் தள்ளிக்கொண்டு நாள் பூராவும் சொல்கிற வார்த்தை. அதுகள் வீணடிப்பதில் ஒன்றே ஒன்று எனக்குக் கிடைத்தால் போதும். உதட்டைக் கடித்து வே என்று வைக்கிறேன். நாக்கு எழுந்திருக்கிறது. நல்லது, அப்படியே, அப்படியே. "ரைட்." சனியன்.

நத்தம் ரோட்டில் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவன் நான். சவரிமுத்து கண்டக்டர் என்றால் சாணார்பட்டி, கோபால்பட்டி ஆட்களுக்கு என் முகத்தைவிடக் குரல்தான் அடையாளம். படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளியதும் இந்தக் குரல்தான், தூங்குகிறவனை அவனவன் ஊரில் எழுப்பி இறக்கிவிட்டதும் இந்தக் குரல்தான். "இந்த மனுசனுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்பாள் என் மனைவி செங்கோல்மேரி. வாய் போய்விட்டது. தூக்கிக்கொண்டு போகப்போவது நாயை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது வலது பக்கம் அப்படியே கழன்று கீழே போனது. வாதம். கையும் காலும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. பேச்சுதான் வரவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் விளங்குகிறது, வாசலில் இரண்டு பேர் என்னைப் பற்றிக் குசுகுசுப்பதுகூட விளங்குகிறது. எழுதிக் காட்டலாம் என்று பலகையைக் கொடுத்தார்கள். எழுத்தும் பேச்சோடு சேர்ந்து இறங்கிப் போயிருந்தது, வெறும் கோடாக வந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல பெண். "பயப்படாதீங்கய்யா. வாய்க்கு ரொம்பப் பழகுன வார்த்தைதான் மொதல்ல திரும்பி வரும். தேடித் தேடிப் பிடிக்காதீங்க, அதுவா வரும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மொதல்ல வந்தது ரைட். ஒருநாள் நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே "வலிக்குதாய்யா?" என்று கேட்டாள், ரைட் என்று விழுந்தது. செங்கோல்மேரி அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிகிற இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து எனக்கும் ஆமென் வந்தது. அத்தோடு சரி. என்னிடம் இருந்த அத்தனை வார்த்தையையும் எடுத்துக்கொண்டு ஆண்டவர் மிச்சம் விட்டது இரண்டு. இரண்டுமே சம்மதம். உப்புப் போதுமா, ரைட். கரண்ட் போச்சு, ரைட். பார்க்க வந்த ஒருவர் "இப்ப வலி இருக்கா கண்டக்டரே?" என்றார், ரைட். "வலியெல்லாம் இல்லைல?" என்றார், ரைட். மனுசன் குழம்பிப்போய் ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்து போனார். அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. முந்தாநாள் வரைக்கும் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

முந்தாநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடை பழகினேன். நான் நடந்தால் சில்லறை முன்னால் போகும். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்கும், நான் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கும். அன்றைக்கு வராந்தாவின் அந்தக் கடைசி வரை ஒரே மூச்சில் போய்விட்டேன். சுவரைத் தொட்டுவிட்டேன். எனக்கு வந்த சந்தோசத்தில் அதன் தலையைத் தடவலாம் என்று இடது கையை வாக்கரிலிருந்து எடுத்தேன். யாரும் தள்ளவில்லை. நானாக எடுத்தேன், நானாக விழுந்தேன். தூண் முனையில் புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. சில்லறை என் நெஞ்சில் முன்னங்காலை வைத்துக்கொண்டு முகத்தை நக்கி நக்கி ஊளையிட்டது. அந்தக் கோலத்தில்தான் செங்கோல்மேரி ஓடிவந்து பார்த்தாள். "ஐயோ, பாஞ்சு தள்ளிருச்சே!" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாய் யார் மேல்தான் பாயவில்லை? தையல் போட்டு வந்த அன்றே திருப்பூரிலிருந்து அருள்தாஸ் வந்துவிட்டான். என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என் செத்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டான். "அப்பா, இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா ஒங்களுக்குத் தாங்காது. அம்மாவால தூக்கவும் முடியாது. நத்தத்துல என்கூடப் படிச்சவன் தோப்பு இருக்கு. நல்லாச் சோறு போடுவாங்க. குடுத்துரலாமாப்பா?" வேண்டாம்டா என்று அலறினேன். உள்ளே அலறினேன். வெளியே ரைட் என்று வந்தது. பதறிப்போய்த் தலையை ஆட்டினேன். அங்கேதான் இரண்டாவது சனி. நம் ஊரில் தலையை இப்படி ஆட்டினால் சரி என்றும் ஆகும், கூடாது என்றும் ஆகும், பார்க்கலாம் என்றும் ஆகும். வாய் ரைட் என்று சொல்ல, தலை பக்கவாட்டில் ஆட, அதைப் பார்த்த எவனுக்குத்தான் சந்தேகம் வரும்? "அப்பாவே சரின்னுட்டாரும்மா" என்று எழுந்தான். எனக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டு, "டாக்டர் சொன்னாருல்ல, இந்த நோவுக்குச் சும்மாச் சும்மா அழுக வருமாம்" என்று அம்மாவுக்கு விளக்கினான். பாசக்காரப் பயல். அவன் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் தொந்தரவே, கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

சில்லறை. ஆமாம், பேர். நான் ஓய்வு பெறுகிற வருசம் கோபால்பட்டியில் ஒரு காய்கறி மூட்டையோடு ஏறிவிட்டது. யார் மூட்டை என்று கேட்டேன், கையைத் தூக்கினார்கள். யார் நாய் என்று கேட்டேன், ஒருத்தனும் தூக்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொருவர் காலாக முகர்ந்து, ஒவ்வொருவர் மடியாக ஏறி இறங்கி, திண்டுக்கல் வருவதற்குள் பஸ் முழுக்க அதற்குச் சொந்தமாகிவிட்டது. வெள்ளையில் அங்கங்கே பழுப்பு வட்டம், காசை இறைத்த மாதிரி. சில்லறை சில்லறை என்று வேலைக்காலம் பூராவும் கத்தினேன், போகும்போதுதான் எனக்குக் கிடைத்தது என்று அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பேருக்கேற்ற குணம். எல்லார் கையிலும் புரளும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெருமுனையில் திரும்பினாலே இங்கே கேட்டுக்குள் நின்று ஆட ஆரம்பித்துவிடும். அவர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு இதற்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போவார், கொடுக்காவிட்டால் விடாது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், கீரைக்காரம்மா, வழி கேட்டு நிற்கிறவன், எல்லாருக்கும் ஒரே வரவேற்பு. ஒருநாள் பட்டப்பகலில் எவனோ உள்ளே புகுந்து என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். இது அவனைத் தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்ததாம். எங்கள் தெருவில் முறைவைத்து வீடு வீடாக அன்பியக் கூட்டம் கூடி ஜெபம் சொல்வார்கள். இந்த வாரம் யார் வீட்டில் என்று எனக்கு மறந்தாலும் இதற்கு மறக்காது. முன்னாலேயே போய்ப் பாயில் இடம் பிடித்துப் படுத்துக்கொள்ளும். பாட்டுக்குச் சும்மா இருக்கும், ஆமென் சொன்னதும் எழுந்து எல்லார் கையையும் ஒரு சுற்று நக்கிவிட்டு வரும், அதற்குத் தெரியும் அடுத்தது சுண்டல் என்று. இதைப் போய்த் தோப்புக் காவலுக்கு. மாங்காய் திருட வருகிறவனுக்கு மரத்தைக் காட்டிக் கொடுக்கும்.

சிரிக்கிறேன். சிரிக்கிற நேரமா. அந்தத் தோப்பு எனக்குத் தெரியும். கோபால்பட்டி தாண்டி, வளைவில், ஒற்றைப் புளியமரத்தடியில் ஒரு ஸ்டாப். அங்கே எப்போதாவது ஒரு ஆள் ஏறுவார், இறங்குவார். மற்ற நாளெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ரைட் என்பேன், வண்டி நிற்காமலே போகும். பகலில்கூட அங்கே மரம்தான் இருக்கும், மனிதர் இருக்க மாட்டார். சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். சோறு போடுவார்கள், பொய் சொல்லவில்லை, வேளைக்குப் போடுவார்கள். சோறா முக்கியம் அதற்கு? தட்டில் கறி இருக்கும்போதுகூட கேட் சத்தம் கேட்டால் போட்டுவிட்டு ஓடுகிற நாய். ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாலை ஆட்டும். ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். மறுபடி சத்தம் கேட்கும், மறுபடி எழுந்து நிற்கும். ஆள் பக்கத்தில் இருந்தும் பேச முடியாமல் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், ஆளே இல்லாமல் கிடப்பது அதைவிட மோசம். வே. வே. விடு. அந்தப் பெண் தேடாதீர்கள் என்றாள். தேடாமல் எப்படி இருப்பது? கீழே பார்க்கிறேன். இந்த வலது பாதத்தில் ஊசி குத்தினால்கூடத் தெரிவதில்லை. ஆனால் இதன் தாடைச் சூடு தெரிகிறது. நிஜமாகத்தான். பத்து நாளாகவே தெரிகிறது, முதலில் பிரமை என்று நினைத்தேன். இதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

உள்ளே மிக்ஸி ஓடி நிற்கிறது. செங்கோல்மேரி சட்டினி அரைக்கிறாள். இனிமேல் வெளியே வருவாள். அவளைக் கூப்பிடத்தான் எனக்கு ஆசை. கூப்பிட்டே மாதக்கணக்கில் ஆகிறது. டம்ளரைத் தட்டுகிறேன், வருகிறாள், அது கூப்பிடுவதில் சேர்த்தியா? அவள் பேரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆள் எவன் பெண்டாட்டி பேரைச் சொன்னான்? "இந்தா" என்பேன். அவ்வளவுதான். "இந்தா, தண்ணி." "இந்தா, சட்டை எங்க?" அவளும் எந்த மூலையில் இருந்தாலும் "இந்தா வந்துட்டேன்" என்பாள். எனக்கு இந்தா என்றால் அவள், அவளுக்கு இந்தா என்றால் இப்போதே. சில்லறை வந்தபிறகுதான் சிக்கல். அதற்குச் சோறு வைக்கும்போது அவள் "இந்தா" என்று வைத்துப் பழக்கிவிட்டாள். அப்புறம் நான் இந்தா என்று கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து அவளும் கொல்லையிலிருந்து அதுவும் ஒன்றாக வந்து நிற்கும். "நாயும் நானும் ஒண்ணாப் போச்சா ஒங்களுக்கு? எனக்குன்னு அழகா ஒரு பேர் வச்சுத்தானே ஞானஸ்நானம் குடுத்தாங்க?" என்று இடுப்பில் கையை வைப்பாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் "மனைவி பேர் சொல்லுங்கய்யா, சொல்லுங்க, செங்…" என்று எடுத்துக் கொடுத்தபோது, "அவரு நல்லா இருக்கும்போதே சொன்னதில்லம்மா, நீ வேற" என்று இவள்தான் என்னைக் காப்பாற்றினாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, ஒரு சாயங்காலம், என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள். "பேரெல்லாம் வேணாம். பழையபடி இந்தான்னு ஒரு தடவ கூப்பிட்டாக்கூடப் போதும்." நான் ரைட் என்றேன்.

இதோ வருகிறாள். கையில் அலுமினியத் தட்டு, அதில் முட்டை பிசைந்த சோறு. வழக்கமாகப் பழைய சோறுதான். இன்றைக்கு முட்டை. சில்லறை துள்ளி எழுந்தது. "இந்தா" என்று வைத்தாள். குரல் பாதியில் உடைந்தது. அது தின்னும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், பிறகு என்னைப் பார்க்காமல் முருங்கையைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு மட்டும் இத அனுப்ப மனசு வருதுன்னு நெனைக்கிறீங்களா? அன்னைக்கு ஒங்க மூஞ்சியில அந்த ரத்தத்தப் பாத்தேன்ல. எனக்கு நீங்க எந்திரிச்சு நடக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. நீங்களே சரின்னுட்டீங்க, நானும் மனசத் தேத்திக்கிட்டேன்." நான் சரி என்று சொல்லவில்லையடி. என்னையே பாரேன். ஒரு தடவை முகத்தைப் பார். கை நீட்டி அவள் சேலையைப் பிடிக்கப் பார்த்தேன். என் இடது கையில் டீக்கு வைத்த பொறை ரொட்டியில் பாதி இருந்தது, சேலை பிடிக்குள் வரவில்லை. அதற்குள் "அடுப்புல எண்ண காயுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது போகிறதைப் பார்க்க அவளால் ஆகாது, அதுதான் விசயம், அடுப்பு என்ன அடுப்பு. வே. வே. அழுத்தினால் உள்ளே போகிறது. அழுத்தாவிட்டால் வரவே மாட்டேன் என்கிறது. தெருமுனையில் சத்தம். டபடபவென்று, சின்ன இன்ஜின். சில்லறை தட்டைப் போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடிவிட்டது.

யாரோ வருகிறார்கள் என்று அதற்கு ஒரே கொண்டாட்டம். டிரைவர் இறங்குவதற்குள் முன்னங்கால் இரண்டையும் அவர் இடுப்பில் போட்டு முகத்தை எட்டி எட்டி நக்குகிறது. "அடேயப்பா, இதுவா காவலுக்கு?" என்று அவருக்கே சிரிப்பு. அருள்தாஸ் கழுத்தில் கயிறு மாட்டினான். அதற்கு அது ஊர்வலம் போகிற மாதிரி. தொட்டியில் தூக்கி வைத்தார்கள், கம்பியில் கயிற்றைக் கட்டினார்கள், அங்கே நின்றுகொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது, பார்த்தாயா எனக்கு என்ன உயரத்தில் இடம் கிடைத்தது என்று. அடம் பிடித்தாலாவது பரவாயில்லை. ஊளையிட்டாலாவது யாராவது யோசிப்பார்கள். இப்படி நம்பிப் போகிறதே. என் பாதம் குளிர்ந்தது. குளிர்வது தெரிந்தது. டிரைவர் என்னிடம் வந்து கும்பிட்டார். "அண்ணே, என்னைத் தெரியாது ஒங்களுக்கு. பள்ளிக்கூடம் படிக்கையில ஒங்க பஸ்லதாண்ணே போவேன். படியில நின்னு ஒங்ககிட்ட எம்புட்டு வசவு வாங்கிருக்கேன்! தம்பி சொன்னாப்புல, இப்பவும் ரைட்டு மட்டும் அப்படியே வருதாமே. ஒரு ரைட் குடுங்கண்ணே, அந்தக் கொரலக் கேட்டுட்டுக் கெளம்புறேன்." நல்ல மனுசர்தான். இன்றைக்கு வருகிறவர் எல்லாம் நல்லவராக வந்து தொலைகிறார்கள். உதட்டை இறுக மூடிக்கொண்டேன். அவர் போய் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பி வெளியே தலையை நீட்டினார். "போலாமாண்ணே?" மாட்டேன். செத்தாலும் மாட்டேன். "சொல்லுங்கப்பா, ஆசையாக் கேக்குறாருல்ல" என்று அருள்தாஸ் என் தோளில் கை வைத்தான். இன்ஜின் அதிர்ந்தது, அந்த அதிர்வு தரை வழியாகக் காலுக்குள் ஏறியது, எத்தனை வருசம் இந்த அதிர்வின் மேல் நின்றிருக்கிறேன், பல்லைக் கடித்தேன், கடித்த பல்லைத் தள்ளிக்கொண்டு, "ரைட்!" கணீரென்று. பழைய குரல். எதிர்வீட்டு மாடி வரை கேட்டிருக்கும். அருள்தாஸ் சிரித்தான். வண்டி நகர்ந்தது.

நானே அனுப்பிவிட்டேன். என் வாயாலேயே அனுப்பிவிட்டேன். வண்டி எதிர்வீட்டைத் தாண்டுகிறது. சில்லறை என்னைப் பார்க்கிறது, நாற்காலியைப் பார்க்கிறது, மறுபடி என்னைப் பார்க்கிறது. வால் நின்றுவிட்டது. அப்போதுதான் அதற்கு உறைக்கிறது, நான் ஏறவில்லை. குட்டியாக ஏறிய நாளிலிருந்து அது வண்டியில் எங்கே போனாலும் நான் கூட இருந்திருக்கிறேன். கயிறு இறுகுகிற வரை பின்னால் வந்து, தொட்டியின் விளிம்பில் காலை வைத்துக் குரைக்கிறது. திருடனைப் பார்த்துக் குரைக்காத நாய். ஆள் ஏறவில்லை என்கிறது. வண்டி போகிறது, ஆள் ஏறவில்லை. அட, ஆள் ஏறவில்லையப்பா, யாரது, கவனிக்காமல், ஆள் ஏறவில்லை, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று எவனோ கத்தினான். குட்டியானை கிறீச்சென்று நின்றது. அந்த ரோட்டு டிரைவர் எவனாக இருந்தாலும் அந்த வார்த்தைக்குக் கால்தான் முதலில் கேட்கும். சில்லறை தொட்டிக்குள் உருண்டு எழுந்தது. தெரு அமைதியாக இருந்தது. அப்புறம்தான் என் தொண்டை எரிவது தெரிந்தது. கத்தியது நான்.

செங்கோல்மேரி கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருடா கத்துனது?" அருள்தாஸ் என்னைக் கை காட்டினான். "அப்பாதாம்மா. வேற வார்த்த பேசுறாரும்மா!" என் முன்னால் குத்தவைத்தான். "என்னப்பா? ஏன் நிறுத்தச் சொன்னீங்க? நாய அனுப்பத்தானே?" வருகிறது, தெரிகிறது, நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது அந்தப் பாழாய்ப்போன ரைட். பொறையோடு இருந்த இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இறுக்கி, மூச்சு முட்ட. அவன் மறுபடி கேட்டான். நான் கையை எடுக்கவில்லை. செங்கோல்மேரி அந்தக் கையையே பார்த்தாள். இந்த முறை என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கரண்டியை வராந்தாவில் வைத்தாள். "டேய், நீ எப்படிக் கேட்டாலும் அவரு வாயில ரைட்டுதாண்டா வரும். அது வந்துரக் கூடாதுன்னு மூடிக்கிட்டிருக்காரு. தள்ளு. கேள்வியத் திருப்பிக் கேக்கணும்." அவனை நகர்த்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "சில்லற இங்கயே, நம்மகூடவே கெடக்கட்டுமா?" கையை எடுத்தேன். "ரைட்!" "அன்னைக்கு அதுதான் ஒங்களத் தள்ளிவிட்டுச்சா?" பொத்தினேன். "நீங்களாத்தான் விழுந்தீங்களா?" எடுத்தேன். "ரைட்." விட்டால் போதுமென்று ஆமெனும் கூடவே வந்தது. "அட மனுசா" என்றாள். "முந்தாநாளே இந்தக் கைய வாயில வச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா?" என்று என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும்தான். வேண்டாம் என்கிற வார்த்தை வரவே இல்லை. வராவிட்டால் போகட்டும். கை இருக்கிறது, கேட்கத் தெரிந்தவள் இருக்கிறாள்.

அருள்தாஸ் தோப்புக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்க்கப் போனான். "மன்னிச்சுக்கடா, அப்பா ஹோல்டான் சொல்லிட்டாரு, என்னத்தச் செய்ய?" என்று அவன் சொல்வது கேட்டது. டிரைவர் இறங்கி நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். உள்ளே ஏதோ கருகுகிற வாடை வந்தது. "ஐயையோ, தாளிப்பு!" என்று செங்கோல்மேரி எழுந்து ஓடினாள். வராந்தாவில் நான் மட்டும். வாடை, வெயில், முருங்கை நிழல் படிக்கட்டுக்கு வந்துவிட்டது, புருவத்துத் தையல் விண்விண்ணென்று தெறிக்கிறது, அதுகூட நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்துக் கயிறு அவிழ்ந்ததும் சில்லறை டிரைவருக்கு ஒரு நக்கு, அருள்தாஸுக்கு ஒரு நக்கு, யாரையும் விடாமல் மரியாதை செய்துவிட்டு கேட்டைத் தாண்டி வருகிறது. அதற்கு என்னிடம் ஒன்றும் கோபமில்லை. வந்து வாக்கர் பக்கத்தில் நின்று என்னைப் பார்க்கிறது. நடக்கலாமா என்கிறது. நடக்கலாம், இரு, முதலில் இதைத் தின்னு. கையில் பொறை நசுங்கிப்போய்க் கிடக்கிறது. நீட்டினேன். எதையும் தேடவில்லை, எதையும் நினைக்கவில்லை. "இந்தா."

"இந்தா வந்துட்டேன்" என்றாள் அடுப்படியிலிருந்து, எத்தனையோ வருசமாகச் சொல்கிற மாதிரியே. சொன்னபிறகுதான் உள்ளே பாத்திரச் சத்தமெல்லாம் சட்டென்று நின்றது. சில்லறை என் விரலோடு சேர்த்து நக்கிக்கொண்டிருந்தது. அவள் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "இப்ப யாரக் கூப்பிட்டீங்க?" என்றாள். "என்னையா, அதையா?"

"ரைட்" என்றேன்.